சிங்கப்பூரில் மலை மிதிவண்டிப் பாதைகளைக் கண்டறிவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் ஆக உயரமான இடமான புக்கிட் தீமா குன்று கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 164 மீட்டர் உயரம்தான். நகர மையத்து அலுவலகக் கோபுரங்களில் பல அதைவிட உயரமானவை. ஆகவே, “இந்த ஊரில் மலை மிதிவண்டி ஓட்டுவதற்கு மலை எங்கே இருக்கிறது?” என்று புதியவர்கள் கேட்பதில் வியப்பில்லை. மலை மிதிவண்டிக்கு உண்மையில் வேண்டியது உயரம் அன்று. தார் போடாத, மரவேர்களும் கற்களும் நிறைந்த, ஏறி இறங்கி வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைதான். அத்தகைய பாதைகள் இந்தத் தீவில் இருக்கின்றன. அவற்றுள் சில அடுக்குமாடி வீடுகளிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடியவை. புதியவர்கள் தடுமாறுவது அவை ஒளிந்திருப்பதால் அன்று. எங்கே ஓட்ட அனுமதி உண்டு, எந்த நாளில் ஓட்டலாம், வண்டியை அங்கே எப்படிக் கொண்டு சேர்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்காததால்தான் பலர் ஓரிரு முறை முயன்றுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே அந்த விடைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தின் வகையை அறியுங்கள்

வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடமெல்லாம் ஒரே வகை அன்று. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவை சட்டத்தால் காக்கப்படும் இயற்கை வனப்பகுதிகள். இவற்றுக்குள் மிதிவண்டிக்கென்று குறிக்கப்பட்ட பாதையில் மட்டுமே ஓட்டலாம். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டு நடைபாதைகளில் மிதிவண்டிக்கு இடமே இல்லை. வனப்பகுதிகளின் ஓரத்தில் அமைந்த செஸ்ட்நட், டெய்ரி ஃபார்ம், செங்ஹுவா போன்றவை இயற்கைப் பூங்காக்கள். வனத்தின் மீது விழும் கூட்டத்தின் சுமையைத் தாங்கிக்கொள்வதற்கென்றே தேசியப் பூங்காக் கழகம் இவற்றை உருவாக்கியது. இங்கே விதிகள் சற்றுத் தளர்வானவை. எனினும் பல இடங்களில் நடப்போர் பாதையும் ஓட்டுவோர் பாதையும் தனித்தனி.

மூன்றாவது வகை, தீவெங்கும் பின்னிக் கிடக்கும் பூங்கா இணைப்புப் பாதைகள். இவை பெரும்பாலும் கான்கிரீட் அல்லது தார் போட்டவை. மலை மிதிவண்டிக்கு இவற்றில் சுவை இல்லை என்றாலும் மண்பாதை தொடங்கும் இடம்வரை உங்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பவை இவைதாம். நான்காவது வகையை மறக்கவே கூடாது. இராணுவப் பயிற்சிக்கான நிலங்கள் காடுபோலவே தோன்றும். சில இடங்களில் வேலிகூடக் கண்ணில் படாது. ஆனால் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் எழுதிய எச்சரிக்கைப் பலகை ஒன்று அங்கே நிற்கும். அதைக் கண்ட இடத்தில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

பிறகு வரைபடத்தைத் திறங்கள்

தேடலைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பூங்காவுக்கும் உரிய பக்கத்தில் வரைபடமும், எந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பும் இருக்கும். மரம் விழுந்ததாலோ பராமரிப்புப் பணியாலோ ஒரு பகுதி வாரக்கணக்கில் மூடப்படுவது இங்கே சாதாரணம். இதைப் பார்க்காமல் கிளம்பினால் வாயிலிலிருந்தே திரும்ப நேரிடும்.

அடுத்து, டிரெய்ல்ஃபோர்க்ஸ் என்னும் செயலியில் அதே இடத்தைப் பாருங்கள். பாதையின் நீளம், கடினத்தன்மை, எந்தத் திசையில் ஓட்டுவது வழக்கம், அண்மையில் ஓட்டியவர்கள் மண்ணின் நிலையைப் பற்றி என்ன குறித்திருக்கிறார்கள் என்பன அதில் கிடைக்கும். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றம் எவ்வளவு என்பதைவிட, அது ஓரிடத்தில் செங்குத்தாகக் குவிந்திருக்கிறதா, பாதை முழுவதும் பரவியிருக்கிறதா என்பதே புதியவருக்கு முக்கியம்.

ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பலர் சென்ற தடங்கள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரியும். தொடக்கக் காலத்தில் அப்படி ஒரு கோட்டை நம்பி மண்டாய்ப் பக்கம் அரை மணி நேரம் ஓட்டிச் சென்றேன். பாதை குறுகிக்கொண்டே போய், லாலான் புல் தோளுயரம் வளர்ந்த ஓரிடத்தில், நான் மேலே சொன்ன எச்சரிக்கைப் பலகையின் முன் முடிந்தது. அந்தக் கோட்டை வரைந்தவர்கள் பயிற்சிக்குச் சென்ற வீரர்களாக இருக்கலாம்; முன்னொரு காலத்தில் திறந்திருந்த பாதையில் ஓட்டியவர்களாகவும் இருக்கலாம். எப்படியாயினும், வரைபடத்தில் கோடு இருப்பது அனுமதி ஆகாது. அதிகாரபூர்வப் பலகையும் செயலியின் கோடும் முரண்பட்டால் பலகை சொல்வதே சரி.

பாதையின் நிறத்தைப் படியுங்கள்

மலை மிதிவண்டிப் பாதைகளின் கடினத்தைக் காட்டப் பல நாடுகளில் பயன்படும் குறிகளே இங்கும் பயன்படுகின்றன. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் சிறுவர்களும் ஓட்டக்கூடியது என்று பலர் எண்ணுகிறார்கள். நீலப் பாதையிலும் கைப்பிடியைப் பறிக்கும் வேர்களும் குறுகிய வளைவுகளும் இருக்கும். அது ஏற்கெனவே ஓரளவு ஓட்டிப் பழகியவர்களுக்கானது. கறுப்புப் பாதையில், சக்கரம் உருண்டு இறங்க முடியாத அளவுக்கு உயரமான படிகளும், பெரும் பாறைகளும், மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத இறக்கங்களும் வரலாம். பல இடங்களில் அத்தகைய இடருக்குப் பக்கத்திலேயே எளிய மாற்றுவழி ஒன்று இருக்கும். இறங்கி நின்று, இரண்டையும் பார்த்துவிட்டு, எளியதைத் தேர்வதில் எந்தக் குறையும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான்.

முதல் ஓட்டத்துக்குச் செஸ்ட்நட்

முதன்முதலில் எங்கே போவது என்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் சொல்வது செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவைத்தான். புக்கிட் பாஞ்சாங்குக்கு அருகில், செஸ்ட்நட் அவென்யூவின் முடிவில், 81 ஹெக்டர் பரப்பில் விரிந்திருக்கும் இப்பூங்கா 2016ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நடப்பதற்கு 5.6 கிலோமீட்டர், மிதிவண்டிக்கு 8.2 கிலோமீட்டர் எனப் பாதைகள் தனித்தனியாக அமைந்திருப்பதே இதன் பெரிய நன்மை. வளைவின் மறுபுறம் ஒரு குடும்பம் நடந்து வருமோ என்ற அச்சம் பெரும்பாலும் இல்லாமல், உங்கள் கவனம் முழுவதையும் சக்கரத்தின் மேல் வைக்கலாம்.

பூங்காவுக்குள் வந்ததும் நேராகக் காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். அங்கே பம்ப் டிராக் எனப்படும், மேடும் பள்ளமுமாக வளைத்துக் கட்டிய சிறு சுற்றுப்பாதை ஒன்று உண்டு. அதில் இருபது நிமிடம் சுற்றுங்கள். இருக்கையில் உட்காராமல், இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க, முழங்காலும் முழங்கையும் சற்று மடங்கியபடி நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது உடலைத் தளர்த்தி வண்டியை மேலெழ விடுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது கால்களால் அழுத்துங்கள். பெடலை மிதிக்காமலேயே வண்டி வேகம் எடுப்பதை உணரும் அந்தக் கணத்தில்தான் மலை மிதிவண்டியின் முதல் பாடம் உடம்பில் ஏறுகிறது. அதை உணர்ந்த பிறகு காட்டுக்குள் வரும் ஒவ்வொரு வேரும் ஒரு சிறு மேடாகவே தோன்றும்.

அதன்பின் தெற்குச் சுற்றுக்குச் செல்லுங்கள். அது குறுகியது, நடுவில் களைத்தாலும் வெளியே வருவது எளிது. முதல் சுற்றை மிக மெதுவாக, ஒவ்வொரு வளைவையும் நினைவில் பதித்துக்கொண்டு ஓட்டுங்கள். பிரேக்கில் ஒரு விரல் போதும். மற்ற மூன்றும் கைப்பிடியைப் பிடித்திருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தின் மேல் விழாமல் ஐந்தாறு மீட்டர் முன்னே இருக்கட்டும், ஏனெனில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். ஒரு மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே போனால் அந்த மரத்தில்தான் மோதுவீர்கள். இரண்டாவது சுற்றில் இயல்பாகவே வேகம் கூடும், கூட்ட முயல வேண்டியதில்லை. தெற்குச் சுற்றைக் காலை ஊன்றாமல் மூன்று முறை முடிக்க முடிந்தால் வடக்குச் சுற்றுக்கு நீங்கள் தயார்.

வண்டியை எப்படிக் கொண்டுபோவது

வெளியூரிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் மடக்கு மிதிவண்டியை மட்டுமே ஏற்றலாம், அதுவும் மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். மலை மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாலும் அது மடக்கு மிதிவண்டி ஆகிவிடாது.

ஆகவே ஓட்டிக்கொண்டே செல்வதுதான் முதல் வழி. மேற்கு, வடமேற்குப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு ரயில் காரிடார் பெரும் வரப்பிரசாதம். மலாயா ரயில்கள் 2011 ஜூன் 30 வரை ஓடிய தடம் அது. தண்டவாளங்களை அகற்றிய பின் தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசும்பாதையாக நிலைத்திருக்கிறது. பழைய புக்கிட் தீமா ரயில் நிலையமும் இரும்புப் பாலங்களும் அதன் வழியிலேயே இருக்கின்றன. அது மலை மிதிவண்டிப் பாதை அன்று. நடப்போரும் ஓடுவோரும் குழந்தைகளும் நிறைந்த பொதுவழி. அங்கே வேகம் காட்டாமல் செல்லுங்கள். ஆனால் ஹில்வியூவிலோ பியூட்டி வோர்ல்டு அருகிலோ வெளியேறினால் புக்கிட் தீமா காட்டின் வாசலுக்கே வந்துவிடுவீர்கள்.

பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மிதிவண்டிப் பாதைகளிலும் மணிக்கு 25 கிலோமீட்டரும், நடைபாதைகளில் 10 கிலோமீட்டருமே வேக வரம்பு. சாலையில் ஓட்டுவதாயின் 2019 முதல் தலைக்கவசம் கட்டாயம். கிழக்கிலிருந்து வருபவர்கள் காரின் பின்னால் தாங்கி பொருத்திக் கொண்டுவரலாம். காரின் எண் பலகை மறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வேனை அமர்த்திக்கொள்வது கட்டுப்படியாகும். வீட்டிலிருந்து பாதைவரை 20 கிலோமீட்டர் மிதித்துவிட்டுக் களைத்த காலோடு மண்ணில் இறங்குவதை முதல் மாதத்திலேனும் தவிர்த்துவிடுங்கள். நான் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை களைத்த காலால் நேர்ந்தவை.

மழை

இந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டிசம்பரிலிருந்து தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்றின் முற்பகுதியில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ‘சுமத்ரா’ எனப்படும் புயற்காற்று, விடியலுக்கு முன்னோ காலையிலோ பெருமழையோடு கடந்து செல்லும். ஞாயிறு காலை ஓட்டத்துக்குத் திட்டமிடுபவர் சனிக்கிழமை பிற்பகல் எவ்வளவு மழை பெய்தது என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மழைக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உங்கள் எலும்பைப் பற்றியது. நனைந்த மரவேர், சோப்புத் தேய்த்த குழாயைப் போன்றது. சக்கரம் அதன்மேல் குறுக்காகப் பட்டால் எந்த டயரும் பிடிக்காது. மற்றொன்று பாதையைப் பற்றியது. ஈரக் களிமண்ணில் ஒரு டயர் பதித்த தடம் காய்ந்ததும் வாய்க்காலாகி விடுகிறது, அடுத்த மழையின் நீர் அந்த வாய்க்காலில் ஓடி மண்ணை அரிக்கிறது, வேர்கள் அம்பலமாகின்றன, ஓட்டுபவர்கள் அதைத் தவிர்க்க ஓரமாகப் போகப் பாதை அகலமாகிக் காட்டைத் தின்கிறது. ஒரே ஈர ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது பேர் ஓட்டினால் போதும், அந்த வளைவைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும். கனமழைக்குப் பின் பாதைகளை மூடிவைப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கயிற்றைத் தாண்டி உள்ளே போகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு வருத்தம் பொங்குகிறது.

பாதை திறந்திருந்தாலும் மண்ணை நீங்களே சோதித்துப் பாருங்கள். பாதை தொடங்கும் இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் காலணியின் குதிகாலால் மண்ணை அழுத்துங்கள். குழியின் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தால் ஓட்டலாம். விளிம்பு அப்படியே நின்று குழிக்குள் நீர் மினுமினுத்தால் அன்றைக்கு ரயில் காரிடாரில் ஒரு சுற்று போய்விட்டு வீடு திரும்புங்கள். அடர்ந்த நிழலுக்குள் மண் காய்வதற்கு, வெளியே தரை காய்ந்த பிறகும் ஒரு நாள் வேண்டும்.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்னல் மிகுதியாக விழும் ஊர் இது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் மழை மேகங்கள் நகர்வதையும் மின்னல் எச்சரிக்கையையும் பார்க்கலாம். வானம் இருண்டு, முதல் இடி காதில் விழுந்ததும் காட்டை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். மரத்தடியோ பூங்காவின் திறந்த குடிலோ பாதுகாப்பு ஆகாது.

புக்கிட் தீமாவுக்கு எப்போது போகலாம்

செஸ்ட்நட்டின் வடக்குச் சுற்று கைவந்த பிறகு போகலாம். புக்கிட் தீமா வனப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் அந்தப் பாதைதான் இந்நாட்டு மலை மிதிவண்டிக்காரர்களின் பழைய பள்ளிக்கூடம். பியூட்டி வோர்ல்டு பக்கம் ஹிண்ட்ஹீட் டிரைவிலிருந்தும், மறுபுறம் டெய்ரி ஃபார்ம் பக்கமிருந்தும் அதற்குள் நுழையலாம். செஸ்ட்நட்டில் மண் வெட்டிச் செதுக்கிய வளைவுகள் மிகுதி. இங்கே உங்களைச் சோதிப்பவை வேர்களும் சிதறிய கருங்கற்களும் குட்டையான செங்குத்து ஏற்றங்களும். 6 கிலோமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டு போத்தல் தண்ணீர் செலவாகும்.

என் இரண்டாவது ஓட்டத்தில் சரிவில் ஒரு வேரைக் கண்டு பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் வேர் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போய் என்னை ஓரத்துப் பெரணிச் செடிகளுக்குள் தள்ளியது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். “தம்பி, வேருக்கு முன்னாடியே பிரேக்கைப் பிடிச்சு முடிச்சிடுங்க. வேர் மேல ஏறினதும் விட்டுடணும். கையை இறுக்காதீங்க, வண்டிக்குத் தெரியும்” என்றார். பிறகு அதே வேரை எனக்காக மூன்று முறை ஓட்டிக் காட்டினார். மூன்று முறையும் அவர் சக்கரம் வேரைச் செங்குத்தாக, கூட்டல் குறி போலவே கடந்தது. இதை எத்தனை காணொளி பார்த்தாலும் கற்றுக்கொள்ள முடியாது. தேர்ந்த ஒருவரின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஒரு காலையிலேயே வந்துவிடும். அதனால்தான் முதல் முறை தனியாகப் போக வேண்டாம் என்கிறேன். வார இறுதிக் காலையில் பாதையின் வாசலில் நின்று, “அண்ணே, நான் புதுசு, உங்க பின்னாடியே வரலாமா?” என்று கேளுங்கள். மறுத்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இங்கே நடப்போரின் பாதைகள் சில இடங்களில் குறுக்கே வரும். அங்கே வேகத்தைக் குறைத்து, மணியடித்து, அவர்கள் கடந்த பிறகு செல்லுங்கள். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். நீண்டவால் குரங்குகள் வாகன நிறுத்துமிடத்திலேயே காத்திருக்கும். கைப்பிடியில் தொங்கும் பிளாஸ்டிக் பை அவற்றின் கண்ணில் உணவு என்றே படும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

வண்டியும் உடைமைகளும்

புதிய வண்டி வாங்க அவசரப்பட வேண்டாம். முன் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வண்டி, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 2.2 அங்குலத்துக்குக் குறையாத டயர் ஆகிய மூன்றும் இருந்தால் இத்தீவின் நீலப் பாதைகள் அனைத்துக்கும் போதும். பணம் செலவழிப்பதானால் முதலில் நல்ல தலைக்கவசத்துக்கும் முழு விரல் கையுறைக்கும் செலவழியுங்கள், பிறகு டயருக்கு. காற்றழுத்தம் பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். டியூப் உள்ள டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 25 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்த்து, இரண்டிரண்டாக மாற்றி உங்களுக்கு ஏற்றதைக் கண்டுகொள்ளுங்கள். மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சிறிய பம்பு, ஆறுமூலைச் சாவித் தொகுப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆகியவை இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். ஓட்டம் எத்தனை மணி ஆகும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு 995. அழைக்கும்போது பூங்காவின் பெயரோடு, கடைசியாகக் கண்ட பாதைப் பலகை எதுவென்றும் சொன்னால் மீட்பவர்கள் விரைவில் வந்து சேர முடியும்.

பிறகு புலாவ் உபின்

நகரத்துக்கு அருகில், ஆனால் நகரம் முற்றிலும் மறைந்துபோகும் இடம் வேண்டுமென்றால் புலாவ் உபின் தீவுதான். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பம்போட் எனப்படும் மரப்படகில் ஏறினால் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாம். படகுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். மிதிவண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு; ரொக்கமாகச் சில்லறை வைத்திருங்கள். வார இறுதியில் காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டால் வரிசை சிறிதாக இருக்கும். படகுக்குள் வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பார்கள். உங்கள் வண்டியின் கியர் மாற்றி வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்குமாறு நீங்களே பிடித்துக்கொடுங்கள். அடுத்த வண்டியின் பெடல் அதில் இடித்தால், அதைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு உலோகத் துண்டு வளைந்து அன்றைய ஓட்டமே கெட்டுவிடும்.

தீவின் மேற்குப் பக்கத்தில், பழைய கல்குவாரியைச் சுற்றி, 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கேத்தாம் மலை மிதிவண்டிப் பூங்கா இருக்கிறது. சுமார் 45 ஹெக்டர் பரப்பில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளப் பாதைகள், நீலத்திலிருந்து இரட்டைக் கறுப்பு வரை எல்லா நிலையிலும் உண்டு. உபின் கருங்கல் தீவு. இங்கே மண்ணோடு கருங்கல் பொடியும் கலந்திருப்பதால் களிமண்ணைப்போல் ஒட்டாது. ஆனால் காய்ந்த நாளில் மணிமணியான சரளையின் மேல் முன்சக்கரம் நழுவும். புக்கிட் தீமாவில் வேருக்குப் பயந்தவர்கள் இங்கே வளைவுக்குப் பயப்பட வேண்டும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், வெளிப்பக்கப் பெடலைக் கீழிறக்கி அழுத்திச் செல்லுங்கள். நீலப் பாதையின் ஒரு மேட்டில் ஏறியதும் மரங்கள் விலகி, குவாரியை நிறைத்த பச்சை நீர் கீழே விரிந்து கிடப்பதும், அதன் கரையில் நாரை ஒன்று அசையாமல் நிற்பதும் தெரியும். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

படகுத்துறைக்கு அருகில் வாடகை மிதிவண்டிக் கடைகள் உள்ளன. தீவின் சாலைகளைச் சுற்றவும் அதன் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா சதுப்பு நிலத்துக்குப் போய்வரவும் அந்த வண்டிகள் போதும். ஆனால் கேத்தாமின் கறுப்புப் பாதைகளுக்கு அவற்றைக் கொண்டுபோகாதீர்கள். அவற்றின் பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதன்று. நகரின் குழாய்நீர் தீவுக்கு வருவதில்லை. குடிநீரைச் சாங்கியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது படகுத்துறைக் கடைகளில் போத்தலோ இளநீரோ வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு பாதையைக் கடக்கும். நின்று, அவை முற்றிலும் போகும்வரை காத்திருங்கள்; குட்டிக்கும் தாய்க்கும் நடுவே புகுந்து செல்லாதீர்கள்.

மண்டாய்ப் பக்கம் ‘டிராக் 15’ என்று வழங்கும் நீண்ட பாதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று இடங்களும் பழகிய பிறகு, வழி தெரிந்தவர்களோடு, வறண்ட வாரத்தில் போக வேண்டியது அது. இராணுவ எல்லைகள் அருகிலேயே இருப்பதால் குறிக்கப்பட்ட தடத்தை விட்டு ஒரு கிளைப்பாதையில்கூட இறங்க வேண்டாம்.

ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வண்டியைக் கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுவது ஒன்று. உபின் போய்வந்தால் உப்புக்காற்று பட்டிருக்கும், அன்றே செய்துவிடுங்கள். மற்றொன்று, வந்ததும் நான்கு வரி எழுதிவைப்பது. என் குறிப்பேட்டில் அண்மையில் எழுதியது இது: “செஸ்ட்நட் வடக்கு. வியாழன் மாலை மழை, சனி காலை 7.30. மேடுகள் காய்ந்துவிட்டன, மூங்கில் புதருக்குப் பின்னுள்ள தாழ்வான வளைவில் இன்னும் ஈரம். முன் டயர் 24, சற்றுக் குறைவு, 26 வைக்க வேண்டும்.”